கண்ணை விடுங்கள், திமிலைப் பாருங்கள்

(புதுக்கோட்டையில் ஒளிப்பட ஆர்வலர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டுப் படம் எடுக்கும்போது கேமராவில் ஃபோகஸை எங்கே வைப்பது, ஷட்டர் வேகம் எவ்வளவு, துளை எவ்வளவு என்று பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பைக் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் கிரிக்கெட்டையோ கால்பந்தையோ எடுத்துக்கொண்டு பேசுவார்கள். புத்தகங்களும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டிலேயே அதிக வாடிவாசல்கள் இருக்கிற மாவட்டத்தில் நின்றுகொண்டு நான் கால்பந்து பேசினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள், போகவும் வேண்டும். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் கந்தர்வகோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சியில் நடக்கிறது. 2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் ஒரே நாளில் 1,300க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டன. ஆகவே காளையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒளிப்படம் கற்றுக்கொடுப்பவர்கள் முதல் நாளே சொல்லும் விதி ஒன்று உண்டு: உயிருள்ள எதை எடுத்தாலும் கண்ணில் ஃபோகஸ் வை. பறவைக்கும் மணப்பெண்ணுக்கும் அது சரி. ஜல்லிக்கட்டுக்கு அது பொருந்தாது என்பது என் கட்சி. இந்த ஆட்டத்தின் சட்டம் என்ன? கொம்பைப் பிடிக்கக் கூடாது, வாலைப் பிடிக்கக் கூடாது, திமிலை மட்டுமே அணைய வேண்டும். வாசலிலிருந்து பதினைந்து மீட்டர் தூரமோ, முப்பது நொடியோ, காளை மூன்று முறை துள்ளும் வரையோ தொங்கினால் வீரருக்கு வெற்றி. நடுவர் பார்ப்பது கையும் திமிலும் சேரும் இடத்தைத்தான். பரிசாக வைத்திருக்கிற அண்டாவும் சைக்கிளும் பீரோவும் யாருக்கு என்று தீர்மானமாவது அங்கேதான். ஆட்டம் எங்கே தீர்கிறதோ அங்கே கூர்மை இருக்க வேண்டும். காளையின் கண் பளிச்சென்று விழுந்து, திமிலில் பதிந்த விரல்கள் மங்கிப்போன படத்தை அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ ஒரு மாடுபிடி வீரரிடம் காட்டிப் பாருங்கள். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால், "பிடிச்சானா, விட்டானா?" என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் சொல்லாத படம் அவருக்குப் படமே இல்லை.

இதை ஏற்றுக்கொண்டால் கேமராவில் வைக்க வேண்டிய எண்கள் தாமாகவே கிடைக்கும். முதலில் துளை. நம்மில் வசதியுள்ளவர்கள் 70-200 லென்ஸ் வாங்கியதும் எஃப் 2.8ஐ விட்டு நகர்வதில்லை. காசு கொடுத்து வாங்கிய துளையைத் திறக்காமல் இருப்பதா என்கிற மனக்கணக்கு. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 200 மி.மீ. நீளத்தில், பதினைந்து மீட்டர் தள்ளி நிற்கும் காளையை எஃப் 2.8ல் எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைவு. கொம்பு நுனியிலிருந்து திமில் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். காளை நேரே நம்மை நோக்கி வருகிறது, ஃபோகஸ் கொம்பில் விழுந்துவிட்டது என்றால் திமிலும் கையும் போயிற்று. எஃப் 5.6க்கு இறக்கினால் அதே ஆழம் ஏறக்குறைய 1.9 மீட்டர் ஆகிறது. கொம்பு, நெற்றி, திமில், திமிலுக்குப் பின்னால் இழுபடும் வீரரின் முகம் எல்லாம் உள்ளே வந்துவிடும். பின்னணி கொஞ்சம் தெளிவாகத் தெரியும்தான். தெரிந்தால் என்ன? பின்னால் இருப்பது ஊர். அதை மங்கலாக்கித் துடைத்துவிட வேண்டும் என்று யார் சொன்னது?

அடுத்து ஷட்டர் வேகம். வாசலை விட்டுப் பாயும் காளை நொடிக்கு எட்டு மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 1/250 நொடி ஷட்டர் திறந்திருந்தால் அந்த நேரத்தில் காளை மூன்று சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு விரலின் அகலம் அதைவிடக் குறைவு. அதாவது காளை குறுக்கே ஓடினால், திமிலைப் பற்றிய ஐந்து விரலும் ஒரே தீற்றலாகிவிடும். 1/1000 என்றால் எட்டு மில்லிமீட்டர், 1/1600 என்றால் ஐந்து. விரலைப் பிரித்துக் காட்ட இது போதும். நேரே நம்மை நோக்கி வரும்போது இந்தத் தீற்றல் குறைவு, ஆனால் ஃபோகஸின் வேலை அதிகம். குறுக்கே ஓடும்போது நேர் எதிர். இடம் தேர்ந்தெடுக்கும்போதே இதில் எந்தத் தொல்லையை ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிடுகிறீர்கள்.

துள்ளலைப் பற்றி ஒரு சொல். மேலே எழும் எதுவும் உச்சியில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் இறங்கும். காளையின் நான்கு காலும் மண்ணை விட்டு எழுந்து உச்சிக்குப் போன கணத்தில் மேல் கீழ் அசைவு கிட்டத்தட்ட இல்லை. அங்கே 1/500கூடப் போதும். 1878இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் பாதையோரம் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையின் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றன என்று காட்டினார். மனிதக் கண்ணுக்குப் பிடிபடாத ஒன்றைக் கேமரா பிடித்தது என்று உலகமே வியந்தது. நம் வீரர்களுக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். காலெல்லாம் மேலே இருக்கிற நேரம் எதுவென்று தொங்குகிறவருக்கு வயிற்றில் தெரியும்.

இனி வெளிச்சம். வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 என்றால் எஃப் 16ல் 1/100 என்ற பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு இன்றும் பொய்க்கவில்லை. அதிலிருந்து எஃப் 5.6க்கு மூன்று படி திறக்கிறோம், 1/800 ஆகிறது. ஐ.எஸ்.ஓ.வை 200 ஆக்கினால் 1/1600. ஜல்லிக்கட்டின் பகல் நேரம் முழுவதற்குமான அமைப்பு இதுதான். மேனுவலில் வைத்துவிடுங்கள். காலை எட்டு மணி இளவெயிலில் ஐ.எஸ்.ஓ. 400, மேகம் மறைத்தால் 800. மற்ற இரண்டையும் தொட வேண்டாம்.

ஏன் மேனுவல் என்று கேட்பீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக வருகிற காளைகளின் நிறத்தை நினைத்துப் பாருங்கள். காரி வருகிறது, அடுத்து வெள்ளை, அடுத்து மயிலை, பிறகு செவலை. கேமராவின் மீட்டருக்கு உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம். காரிக் காளை சட்டத்தை நிறைத்தால், இருட்டாக இருக்கிறதே என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டும். காரி சாம்பலாகும், சுற்றியிருக்கிற வேட்டி எல்லாம் வெந்துபோகும். வெள்ளைக் காளை வந்தால் குறைக்கும், வீரர்களின் முகம் கறுத்துவிடும். காளையின் நிறம் மாறுகிறதே தவிர சூரியன் மாறவில்லை. களத்தில் கொட்டிப் பரப்பிய தென்னை நார் அதிகக் கறுப்பும் இல்லாமல் வெளுப்பும் இல்லாமல் இருக்கிறது. அதை அளந்து ஒரு முறை வைத்தால் போதும். காரியின் உடலில் தசை தெரிய வேண்டுமே என்று இன்னும் கொஞ்சம் திறக்கத் தோன்றும். நான் திறக்க மாட்டேன். டிஜிட்டலில் வெந்துபோன வெள்ளை திரும்ப வராது. இருட்டில் கிடப்பதை ரா கோப்பிலிருந்து பிறகு தூக்கிக்கொள்ளலாம். எடுத்த மறு நிமிடம் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய பத்திரிகைக்காரருக்கு அந்த வசதி குறைவு. அவர் காரிக்கு ஒரு சிறு படி திறந்துகொள்ளட்டும்.

அளந்தது சரியா என்று பார்க்க நம் ஊர் வழக்கமே ஒரு வாய்ப்பைத் தருகிறது. முதலில் கோயில் காளையை அவிழ்ப்பார்கள். அதை யாரும் பிடிக்க மாட்டார்கள். பரிசு இல்லை, பிடி இல்லை. அந்தக் காளை வாசலிலிருந்து எல்லைக்கோடு வரை ஓடுவதை ஒரு முறை எடுத்து, ஹிஸ்டோகிராமைப் பார்த்து, ஃபோகஸ் எங்கே விழுந்திருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். பக்தியோடு ஒரு படம், சோதனைக்குப் பத்துப் படம். அடுத்த காளை வந்த பிறகு திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

எங்கே நிற்பது? ஜனவரியில் புதுக்கோட்டையில் சூரியன் நாள் முழுவதும் தெற்கிலேயே நகர்கிறது. பொங்கலை ஒட்டிய நாட்களில் உச்சிப் பொழுதில்கூடத் தலைக்கு மேலிருந்து தெற்கே முப்பது டிகிரி சாய்ந்து நிற்கும். ஆகவே களத்தின் தெற்குப் பக்கம் நின்று வடக்கு நோக்கி எடுத்தால் காலை முதல் மாலை வரை வெயில் உங்கள் முதுகுப் பக்கமே. வாடிவாசலே வடக்கு நோக்கியிருந்தால் மட்டும் கிழக்காகவோ மேற்காகவோ கொஞ்சம் நகர வேண்டியிருக்கும். இந்தச் சலுகை தை, மாசியோடு சரி. நம் மாவட்டத்தில் மே மாதம் வரை வாசல் திறக்கிறது. சித்திரை பிறந்து மூன்று நான்கு நாளில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், கம்பத்துக்கு நிழலே இருக்காது. அன்றைக்கு வீரர்களின் கண்குழியும் காளையின் நெஞ்சும் கறுப்பாகத்தான் விழும். எண்களை மாற்றி ஒன்றும் செய்வதற்கில்லை. பதினொரு மணிக்குள் வேலையை முடித்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் மறுபடி தொடங்குவது நல்லது.

சவுக்குக் கம்பில் கட்டிய பரண்மேல் இடம் கிடைத்தால் விடாதீர்கள். மேலிருந்து பார்த்தால் திமிலும் கையும் மறைவில்லாமல் தெரியும், பின்னணி தென்னை நார் மட்டுமே. கீழே தடுப்புக் கம்பிக்குப் பின்னால் நின்றால் ஆட்டோ ஃபோகஸ் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். அது முட்டாள் என்று திட்டாதீர்கள். அருகில் இருப்பதையும் கோடு கோடாக இருப்பதையும் விரும்பிப் பிடிக்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். கம்பியோடு லென்ஸை ஒட்டி வைத்து, துளையைக் கொஞ்சம் திறந்தால் கம்பி கரைந்துவிடும். தடுப்புக்கு உள்ளே இறங்கி எடுக்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். வேண்டாம். விராலிமலையில் அந்த 2019ஆம் ஆண்டு விழாவிலேயே இரண்டு பேர் மாடு முட்டி இறந்தார்கள். கேமராவில் கண்ணை வைத்திருக்கிறவனுக்குப் பக்கவாட்டில் வருவது தெரியாது. ஃபிளாஷும் வேண்டாம்.

ஆட்டோ ஃபோகஸுக்கு வருவோம். 1985இல் மினோல்டா 7000 வந்த பிறகுதான் இந்த வசதி பரவலானது. அதற்கு முன் இருந்தவர்கள் வாசலிலிருந்து இத்தனை அடி என்று ஓர் இடத்தைக் கண்ணால் குறித்து, கையால் ஃபோகஸை அங்கே பூட்டிவிட்டு, காளை அந்த இடத்தைத் தொடும்வரை காத்திருந்து அழுத்தினார்கள். இன்றும் வாடிவாசலுக்கு அதைவிட நம்பகமான முறை இல்லை என்றே சொல்வேன். காரணம், வாசல் நிழலில் இருக்கிறது, களம் வெயிலில் இருக்கிறது. இரண்டுக்கும் மூன்று நான்கு படி வேறுபாடு. நிழலுக்குள் கறுப்புக் காளையின் வழவழப்பான தோலில் கேமரா பிடித்துக்கொள்ள ஒரு கோடுகூட இல்லை. முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். வாசலுக்கு வெளியே வெயில் தொடங்கும் இடத்தில் ஃபோகஸை வைத்துக் காத்திருங்கள். அங்கிருந்து தொடர் ஃபோகஸ் வேலையை எடுத்துக்கொள்ளட்டும்.

தொடர் ஃபோகஸில் நடுப்புள்ளியையும் அதைச் சுற்றிய சிறு வட்டத்தையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை அணைத்துவிடுங்கள். புதிய கேமராக்களில் முகம் தேடும் வசதி இருக்கிறது. அதை இங்கே திறந்துவிட்டால் ஒரு காளையைச் சுற்றி இருபது முகம். ஒவ்வொரு முகத்துக்கும் தாவித் தாவி, கடைசியில் பின்வரிசையில் கொட்டாவி விடுகிறவரைப் பிடித்துக் கொடுக்கும். விலங்குகளைக் கண்டுபிடிக்கும் வசதியும் நாய், பூனை, பறவை என்று தொடங்கியது. அதற்கு நம்ம புலிக்குளம் மாட்டை இன்னும் சரியாக அறிமுகப்படுத்தவில்லை. குறுக்கே ஒரு கை வந்தால் எவ்வளவு நேரம் பொறுத்திருந்து ஃபோகஸை மாற்றுவது என்று ஓர் அமைப்பு இருக்கும். அதைப் 'பொறுமை' பக்கம் தள்ளி வையுங்கள். காளைக்கும் நமக்கும் நடுவில் கைகளும் தோள்களும் வந்துகொண்டே இருக்கும் ஆட்டம் இது. ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துக் கட்டைவிரலுக்குக் கொடுத்துவிட்டால், மறைப்பு வரும்போது விரலை எடுத்து ஃபோகஸை அங்கேயே நிறுத்தலாம், தெளிந்ததும் மறுபடி அழுத்தலாம். பழக ஒரு வாரம் ஆகும். பிறகு பழைய முறைக்குப் போகப் பிடிக்காது.

நொடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் பதினைந்து மீட்டரைக் காளை இரண்டு நொடிக்குள் கடந்துவிடும். நொடிக்குப் பத்துப் படம் எடுக்கிற கேமராவில் இருபது படம்கூடத் தேறாது. நின்று விளையாடும் மாடு என்றால் கதை வேறு. அது எல்லைக்கோட்டுக்குப் போகாது, வாசல் பக்கமே திரும்பி நின்று மண்ணைக் கிளறும், யாரையும் நெருங்க விடாது. அதற்கு விரலை அழுத்திக்கொண்டே இருந்தால் பஃபர் நிரம்பி, கடைசியில் யாராவது பாயும்போது கேமரா உறங்கிக்கொண்டிருக்கும். ஒலிபெருக்கியில் காளையின் ஊரையும் உரிமையாளர் பெயரையும் சொல்வார்களே, அதைக் காதில் வாங்குங்கள். எந்த ஊர் மாடு ஓடும், எது நிற்கும் என்று பக்கத்தில் இருக்கிற பெரியவருக்குத் தெரியும். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பது எந்த லென்ஸையும்விட மலிவு.

நீண்ட லென்ஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தூரத்தில் நின்று நீண்ட லென்ஸில் எடுத்தால் முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒட்டி நிற்பதுபோல் தெரியும். ஒருவர் திமிலை அணைந்திருக்க, நான்கு மீட்டர் பின்னால் நிற்கும் பத்துப் பேர் காளைமேல் விழுந்து அமுக்குவதுபோல் படம் சொல்லும். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்த வழக்கில் விலங்கு நல வாரியத்தின் ஆய்வு அறிக்கைகள் ஒளிப்படங்களோடுதான் வந்தன. 2017இல் மெரினாவில் போராட்டம் எழுந்து, சட்டம் திருத்தப்பட்டு, 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இந்த ஆட்டத்தில் படம் சாட்சியாகப் போகும் என்பதை மறக்க வேண்டாம். வாலை முறுக்கியது உண்மையென்றால் அதையும் எடுங்கள், வெளியிடுங்கள். நடக்காததை லென்ஸின் தட்டைத்தன்மையால் நடந்ததாகக் காட்டாதீர்கள்.

மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு இதுவரை சொன்ன எல்லாவற்றையும் தலைகீழாக்க வேண்டும். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று எந்தப் பிரிவாக இருந்தாலும், 1/2000ல் எடுத்தால் வண்டி சாலையில் நிறுத்தி வைத்ததுபோல் இருக்கும். ஆரக்கால் ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம், வேகம் போய்விடும். 1/60க்கு இறங்கி, வண்டியோடு சேர்ந்து இடுப்பிலிருந்து திரும்பிக்கொண்டே அழுத்துங்கள். சாலையோரத்துக் கருவேலமரங்கள் கோடுகளாகி, சாரதியின் முகம் மட்டும் நிற்கும். பத்துக்கு எட்டு கெட்டுப்போகும், பரவாயில்லை. பந்தயம் காலையில் நடப்பதால் ஐ.எஸ்.ஓ. 100ல் எஃப் 11 அல்லது 16 போதும். வெயில் ஏறிவிட்டால் லென்ஸுக்குமுன் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் தேவைப்படும். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை இங்கே தவிருங்கள். பல கேமராக்களில் அது படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கிறது, சக்கரம் சாய்ந்துவிடும். பிரான்சில் ழாக் ஆன்ரி லார்த்திக் என்ற இளைஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த பந்தயக் கார் படத்தில் இதே கோளாறுதான் இருக்கிறது. சக்கரம் முன்னால் சாய்ந்த முட்டையாகவும், வேடிக்கை பார்ப்பவர்கள் பின்னால் சாய்ந்தும் தெரிவார்கள். அது இன்று உலகப் புகழ்பெற்ற படம். ஆகவே கண்டிப்பாகத் தவிருங்கள் என்றும் சொல்ல மனம் வரவில்லை.

தடகளத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்துக் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த ஓட்டக்காரர் சாந்தி 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி இரண்டாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனை 0.03 நொடி பின்னால். அந்த வேகத்தில் அது இருபது சென்டிமீட்டர். நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஓட்டக்காரர் அறுபத்தைந்து சென்டிமீட்டர் போய்விடுவார். ஆக உங்கள் படத்தை வைத்து யார் முந்தியது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதற்குக் கோட்டின்மேல் ஒரே ஒரு கீற்றை மட்டும் நொடிக்கு ஆயிரம் முறைக்குமேல் பதிவு செய்கிற தனிக் கேமரா இருக்கிறது. சாந்தியின் வெள்ளிப் பதக்கம் பிறகு பறிக்கப்பட்டதும், அவருக்கு நேர்ந்ததும் இன்னொரு மேடையில் முழுதாகப் பேச வேண்டியவை. எல்லைக்கோட்டில் நம் வேலை முகத்தை எடுப்பது. கோட்டுக்கு நேரே எதிரில், போதிய தூரம் தள்ளிக் குனிந்து உட்காருங்கள். இங்கே கண்ணில் ஃபோகஸ் வைக்கலாம், எஃப் 2.8ஐயும் தாராளமாகத் திறக்கலாம்.

செல்போனில் எடுப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சிறிய லென்ஸ் ஆதலால் அதில் கூர்மையின் ஆழம் அதிகம், ஃபோகஸ் பெரிய தொல்லை இல்லை. திரையில் தென்னை நாரின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். எச்.டி.ஆர். வசதியை அணைத்துவிடுங்கள். அது சில படங்களை ஒன்றாகச் சேர்ப்பதால் ஓடும் காளைக்கு ஐந்தாவது கால் முளைக்கக்கூடும். விரலால் இழுத்துப் பெரிதாக்காமல் எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ராத்திரிக் கபடி. கோயில் திருவிழாவில் நான்கு மூலையிலும் விளக்குக் கம்பம் நட்டு நடத்துகிறார்களே, அதுதான் உள்ளதிலேயே கடினம். எஃப் 2.8, 1/800, ஐ.எஸ்.ஓ. 6400. புள்ளி புள்ளியாக வரும், வரட்டும். புள்ளி விழுந்த படத்தைப் பத்திரிகையில் போடலாம், அசைந்த படத்தைப் போட முடியாது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, 1/800க்குத் தெரியும். அடுத்தடுத்த இரண்டு படத்தில் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று மஞ்சள் பூத்து இருட்டாகவும் வந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். மினுக்கலைத் தவிர்க்கும் அமைப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ரெய்டர் கோட்டைத் தொட்டுத் திரும்பி நிற்கிற நேரத்துக்கு மட்டும் 1/100க்கு இறங்கலாம். தடுக்கும் அணியின் பின்கோட்டுக்கு அப்பால் உட்காருங்கள். பாடி வருகிறவர் முப்பது நொடியும் உங்களைப் பார்த்துத்தான் வருவார். பக்கவாட்டில் உட்கார்ந்தால் முதுகுகள்தான் கிடைக்கும்.

கேள்விகள் இருந்தால் வெளியே வைத்துக்கொள்வோம். மைதானத்தில் பையன்கள் கபடி ஆடிக்கொண்டிருக்கிறார்கள், வெளிச்சம் இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 800ல் தொடங்குங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஏற்றிக்கொண்டே வாருங்கள்.